கிணறு வற்றாது என்றேன்

கைதக்கடவு முக்கில், தபாலாபீசுக்கு நேர் எதிரே, மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டிய பிளெக்ஸ் பலகை ஒன்று நிற்கிறது. சிவப்பு எழுத்து. "கல்யாணம் கலைப்பவர்கள் கவனத்துக்கு! நம் ஊர்ப் பையன்களைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களிடம் இல்லாததும் பொல்லாததும் சொல்கிறவர்கள் பிடிபட்டால், வயது, சாதி, மதம், கட்சி எதுவும் பார்க்காமல் வீடு புகுந்து அடிக்கப்படும். இப்படிக்கு, யுவசக்தி கலை விளையாட்டு மன்றம்." கீழே வலது மூலையில், பற்பசை விளம்பரத்துக்கு நிற்பவர் மாதிரி சிரித்துக்கொண்டு ஒரு வழுக்கைத் தலையர். 'புரவலர்: சதானந்தன், தபாலாபீஸ்.'

அது நான்தான்.

போன ஓணத்துக்கு வடம் இழுக்கும் போட்டி நோட்டீசுக்காகப் பையன்கள் என் படத்தைக் கேட்டார்கள். வாழ்நாளில் என் தலை கலரில் அச்சாகும் ஒரே சந்தர்ப்பம் என்று கொடுத்துவிட்டேன். கையில் இருக்கிற படத்தை வீணாக்குவானேன் என்று இந்தப் பலகையிலும் போட்டுவிட்டார்கள். ஆக, காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்து கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்தால், எதிரே நானே சிரித்துக்கொண்டு, வீடு புகுந்து அடிப்பேன் என்று என்னை மிரட்டுகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் ஒரு பையனைப் பார்த்துவிட்டுப் போனால், அடுத்த வாரமே பெண்ணின் தாய்மாமன் யாராவது குடையோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார். முதலில் டீக்கடை, பிறகு ரேஷன் கடை, கடைசியில் தபாலாபீஸ். டீக்கடைக் குட்டாப்பி சொன்னால் அது வம்பு. அதையே நான் சொன்னால் அரசாங்கம் சொன்ன மாதிரி. அரசாங்கம் என்பது பத்துக்கு எட்டில் ஓர் அறை, ஒழுகும் ஓடு, ஒரு முத்திரைக் கட்டை, அப்புறம் நான். கவுண்டரில் உட்காருவதும் நான்தான், இரண்டு மணிக்குப் பூட்டிவிட்டு சைக்கிளில் தபால் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான்.

இந்த முறை விசாரணைக்கு வந்த பையன் பிரஜீஷ். என் வேலிக்கு அந்தப்பக்கத்து வீடு. டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். அப்பா கிடையாது. அம்மா வத்சலேச்சி. முன்பு பெங்களூரில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன் திரும்பி வந்து, மஞ்சள் காமாலை என்று சொல்லி ஒரு வருஷம் அறையை விட்டே வெளியே வரவில்லை. ஒரு வருஷம் நீடிக்கிற மஞ்சள் காமாலையை ஊர் நம்பியது. நானும் நம்பினேன், முதல் பதிவுத் தபால் வரும்வரை.

பெங்களூரு குடும்ப நீதிமன்றத்தின் முத்திரையோடு அவன் பெயருக்கு ஒரு தபால் வந்தது. நாலு மாதம் கழித்து இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. குடும்ப நீதிமன்றம் யாருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதில்லை. அவனுக்கு அங்கே ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது, அது இன்னும் தீரவில்லை என்பது உறையைப் பார்த்தாலே தெரிந்தது.

யாருக்கு எங்கிருந்து என்ன வந்தது என்று தபால்காரன் வெளியே சொல்லக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷமாக என் மனைவி ஓமனாவிடம்கூடச் சொன்னதில்லை. அவள் கேட்காமல் இருந்ததும் இல்லை.

இதற்கு நடுவில் என்னிடம் ஓர் அட்டை வேறு இருந்தது. போன மழைக்காலத்தில் கோட்ட அலுவலகத்தில் எங்களுக்கு அரைநாள் வகுப்பு நடந்தது, அன்றாட முடிவுகளில் அறம் என்று தலைப்பு. பாடம் எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான். போகும்போது ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை கொடுத்தாள். ஒன்றைச் செய்யும் முன் கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள்: இதனால் அடிபடப் போவது யார்? அவர் இடத்தில் நீ இருந்தால்? செய்ததை நாலு பேர் முன்னால் சொல்வாயா?

"மூணு கேள்விக்கும் மூணு விதமா பதில் வந்தா என்ன பண்றது, டீச்சரே?" என்று நான் எழுந்து கேட்டேன்.

"நல்ல கேள்வி சார். டீக்கு அப்புறம் பாக்கலாம்."

டீக்கு அப்புறம் எனக்கு பஸ் வந்துவிட்டது.

அட்டையைக் கொண்டுவந்து கவுண்டர் பக்கத்தில் பசை போட்டு ஒட்டினேன். சின்னச் சின்ன விஷயங்களில் நன்றாகவே வேலை செய்தது. ஓமனாவின் மீன்குழம்பில் உப்பு இல்லை என்பதைச் சொல்லலாமா என்று யோசித்தபோது, அடிபடப் போவது யார் என்ற முதல் கேள்வியிலேயே விடை கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, நல்ல மழையில், பெண்ணின் மாமன் வந்தார். கருணாகரன் என்று பெயர் சொன்னார். குடையை மடக்கி, சொட்டச் சொட்டக் கம்பிவலையில் மாட்டினார். போஸ்ட்மாஸ்டரை எங்கள் பக்கத்தில் மாஷ் என்பார்கள்.

"மாஷே, ஒரு விஷயம் கேக்கணும். நம்ம பிரஜீஷ் எப்படி?"

எதிரே பலகையில் நான் சிரித்தேன். இங்கே அட்டை என்னைப் பார்த்தது. வாயைத் திறந்தேன்.

"அவங்க வீட்டுல நல்ல கிணறு. கொடும் வேனல்லயும் வத்தாது."

"கிணத்தை நாங்க கட்டிக்கப் போறதில்லையே, மாஷே."

"இல்ல, சொன்னேன். அம்மா ரொம்பப் பாடுபட்டவங்க. வீட்டுல சத்தம் கேட்டதே இல்ல."

"பையன்?"

"பையனைப் பொறந்ததுல இருந்து தெரியும். சின்னதுல இங்க வந்து என் முத்திரைக் கட்டையை எடுத்து நெத்தியில குத்திக்குவான்."

"குடி, கூத்து?"

"நான் பாத்ததில்ல." அது உண்மை.

"பெங்களூர்ல இருந்தானாமே. அங்க ஏதாவது?"

"பெங்களூர் ரொம்பத் தூரம் இல்லையா?" என்றேன்.

மனிதர் சிரித்தார். கம்பிவலையின் ஓட்டைக்குள் கைவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப உபகாரம். ஞாயித்துக்கிழமை நிச்சயம் வச்சுக்கலாம்னு இருக்கோம். பொண்ணு நீரஜா, நர்சரி ஸ்கூல் டீச்சர். அப்பா இல்லாத பொண்ணு, அதான் நான் அலையறேன்."

அவர் போனபின் ஒரு மணி நேரம் எனக்கு என்மீதே பெரிய மரியாதை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, ஒரு ரகசியத்தையும் விடவில்லை. கயிற்றின்மேல் நடந்து அந்தப்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அந்த மனிதர் நம்பிக்கையோடு போனார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நான். பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்றுவது எப்படி என்று வகுப்பு எடுக்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடலாம், அட்டையும் நானே அடித்துக் கொடுப்பேன்.

அன்று சாயங்காலம் வேலிக்கு மேலே ஒரு தூக்குப் பாத்திரம் நீண்டது. சுடச்சுட உண்ணியப்பம்.

"என்ன சொன்னே, சதானந்தா?" என்றாள் வத்சலேச்சி.

"ஒண்ணும் சொல்லல."

"அது போதும். உன்னை நான் மறக்கமாட்டேன்."

உண்ணியப்பம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தை ஓமனாவிடம் கொடுத்தேன்.

"உண்ணியப்பத்தை விட்டுக்குடுக்கிற ஆளா நீங்க? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள்.

"ஓமனா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒருத்தனுக்கு ஒரு விஷயம் தெரியும். அதைச் சொன்னா ஒருத்தர் கெடுவாங்க, சொல்லலைன்னா இன்னொருத்தர் கெடுவாங்க. அவன் என்ன பண்ணுவான்?"

"அவன் தபாலாபீஸ்ல வேலை பாக்கறானா?"

"பேச்சுக்குன்னு சொன்னேனே."

"அப்ப பேச்சுக்கே சொல்றேன். அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவன் என் அடுக்களையில நிக்கக்கூடாது."

மறுநாள் புதன்கிழமை. காலைப் பையில் நாலாவது தபால் வந்தது. அதே முத்திரை, அதே பெயர்.

மூன்று மணிக்கு சைக்கிளை வத்சலேச்சி வீட்டு வாசலில் நிறுத்தினேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சைக்கிள் மணியைக் கேட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உறையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பழக்கம் மாறாமல் கையை நீட்டினாள்.

"குடு. அவன் பேரை நானே போட்டுடறேன்."

நானும் பழக்கம் மாறாமல் பேனாவை எடுத்தேன். முந்தைய மூன்று தபாலுக்கும் இதுதான் நடந்தது. பையன் வேலைக்குப் போயிருப்பான், திரும்பிப் போய் மறுபடி வருவது சிரமம், பக்கத்து வீடு, பெற்ற தாய். புத்தகத்தில் அவன் பெயரை அவளே எழுதுவாள். ஊரில் பாதிப்பேருக்கு இப்படித்தான் கொடுக்கிறேன். அதற்காக என்னை நல்ல மனுஷன் என்பார்கள். பதிவுத் தபால் என்றால் யார் பெயருக்கு வந்ததோ அவர் கையில்தான் கொடுக்க வேண்டும், அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரியாததா? தெரியும்.

பேனாவை நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் இந்தத் தபாலைப் பார்த்து இப்படிப் பயப்படுகிறாள் என்றால், முந்தைய மூன்றையும் மகனிடம் கொடுத்திருப்பாளா?

"சேச்சி, இதுக்கு முன்னால வந்ததை எல்லாம் பிரஜீஷ்கிட்ட குடுத்தீங்களா?"

அவள் துவைகல்லைப் பார்த்தாள்.

"குடுத்தீங்களா?"

"சாமி படத்துக்குப் பின்னால இருக்கு. நான் திறக்கக்கூட இல்ல, சதானந்தா. சத்தியமா." குரல் தாழ்ந்தது. "ஒரு வருஷம் அவன் அந்த அறையில கிடந்தான். நான் வாசல்ல சோத்தை வச்சுட்டு, உள்ளே மூச்சுச் சத்தம் கேக்குதான்னு காது குடுத்து நிப்பேன். இப்பத்தான் சிரிக்கிறான். அந்தப் பேரை மறுபடி பாத்தா திரும்பவும் உள்ளே போயிடுவான். அந்தப் பெங்களூர்ப் பொண்ணோட அண்ணன் போன் பண்ணி, எல்லாம் முடிஞ்சுது, இனி கூப்பிடாதேன்னு சொன்னான். முடிஞ்சதுதானே? அப்புறம் எதுக்கு மேலே மேலே காகிதம்?"

அவனுக்கு ஒன்றுமே தெரியாது. நீதிமன்றம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, எல்லாம் முடிந்தது என்று நினைத்து அவன் இங்கே நிச்சயத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறான். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று நான் நேற்றிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இத்தனைக்கும் வழி பண்ணிக் கொடுத்ததே என் சைக்கிளும் என் பேனாவும்தான். அந்த அட்டையை நான் எப்போதும் அடுத்தவர்கள் பக்கமாகவே பிடித்திருந்தேன்.

"சேச்சி, இதை அவன் கையிலதான் குடுப்பேன்."

"முந்தின மூணையும் என் கையிலதானே குடுத்தே?"

"அது நான் பண்ணின தப்பு."

"இன்னைக்குத்தான் ஞானம் வந்துதா? அவன் நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போதா?"

"இன்னைக்குத்தான் வந்துது."

அவள் மெதுவாக, திட்டாமல் பேசினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உன் ரஜிதா ஒருநாள் காணாமப் போனாளே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒன்பது வருஷமாக இருக்கிறது. என் மகள் பத்தொன்பது வயதில் கச்சேரியில் பாடுகிற ஒருவனோடு பஸ் ஏறினாள். மறுநாள் சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தாள். எந்த வழியாக வந்தாலும் ஊர் பார்த்திருக்கும். வத்சலேச்சி தன் பின்வாசல் வழியாக அவளை உள்ளே கூட்டிப்போய், தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, வேலி தாண்டிக் கொண்டுவந்து விட்டாள். அடுத்த வருஷம் ஒற்றப்பாலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தபோது, "இது என் மடியில வளந்த பொண்ணு, இதைவிட நல்ல பொண்ணு எங்கேயும் கிடைக்காது" என்றாள். அவள் கிணற்றைப் பற்றிப் பேசித் தப்பிக்கவில்லை.

"நான் அன்னைக்கு எந்தச் சட்டத்தைப் பாத்தேன், சொல்லு. உன் மருமகன் வீட்டு நம்பர் என்கிட்ட இப்பவும் இருக்கு."

உறையைத் திரும்பப் பையில் போட்டுப் பையின் வாரைக் கட்டினேன்.

"சேச்சி செய்யணும்னு நினைச்சா செய்யுங்க," என்றேன். "இதை அவன்கிட்டதான் குடுப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டேன். வத்சலேச்சி போன் செய்தாலும் செய்வாள் என்றேன். காரணத்தைச் சொல்ல முடியாது, வேலை விஷயம் என்றேன். அந்தப்பக்கம் குக்கர் விசில் அடித்தது, அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அச்சா தப்பா ஏதாவது பண்ணினீங்களா?"

"பண்ணினேன். இப்ப சரி பண்ணப் பாக்கறேன். அதனாலதான்."

"சரி. என் விஷயத்தை நான் பாத்துக்கறேன். அச்சா சாப்பிட்டீங்களா?"

மாப்பிள்ளைக்கு அந்த விஷயம் தெரியுமா, தெரியாதா? அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது என் பெயருக்கு வந்த தபால் இல்லை.

வியாழக்கிழமை, தபாலாபீஸ் பூட்டுவதற்குக் கால்மணி இருக்கும்போது பிரஜீஷ் வந்தான். ஒரு தபால் இருக்கிறது, நீ நேரில்தான் வந்து வாங்க வேண்டும் என்று காலையில் போன் செய்திருந்தேன்.

"என்ன சதானந்தேட்டா, திடீர்னு சட்டமெல்லாம் பேசறீங்க? எனக்கு ஏதாவது அவார்டா?"

புத்தகத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டான். உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தான். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கிழித்துப் படித்தான். இரண்டு பக்கம்தான். மூன்று முறை படித்தான். வெளியே மழை, உள்ளே ஓடு ஒழுகும் இடத்தில் வைத்த வாளியில் சொட்டுச் சத்தம்.

"விவாகரத்துக் கேஸ். இது கடைசி நோட்டீஸாம். வர்ற பத்தொன்பதாம் தேதி வரலைன்னா எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்குவாங்களாம். முன்னாடி மூணு தடவை அனுப்பிச்சு நானே வாங்கிட்டேன்னு போட்டிருக்கு." நிமிர்ந்தான். "நான் வாங்கலையே."

"உங்க அம்மா வாங்கினாங்க."

"என் பேர்ல?"

"உன் பேர்ல."

"யார் குடுத்தது?"

அந்த அறையில் அவனும் நானும்தான் இருந்தோம். வேறு யாரையாவது காட்டலாமென்றால் வாளிதான் இருந்தது.

"நான்தான், மோனே."

கம்பிவலையை இரண்டு கையாலும் பிடித்தான். முத்திரைக் கட்டையை நெற்றியில் குத்திக்கொண்ட அதே பையன். இழுத்துப் பிடுங்கிவிடுவான் என்று நினைத்தேன், நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டான்.

"ரிஜிஸ்டர் கல்யாணம் சதானந்தேட்டா. நாப்பது நாள். அவ அண்ணனுங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க. முடிஞ்சுதுன்னு சொன்னாங்க, நான் நம்பினேன். அப்ப நான் இன்னும் கல்யாணம் ஆனவன். ஞாயித்துக்கிழமை இன்னொரு பொண்ணு வீட்டுல உக்காந்து பாயசம் குடிக்கப் போறேன்."

"பொண்ணுகிட்ட முந்தின கல்யாணத்தைச் சொல்லியிருக்கியா?"

"அம்மா கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லுன்னாங்க."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது. ஆனா அந்த மாமன் மறுபடி வந்தா கிணத்தைப் பத்திப் பேசமாட்டேன். எனக்குச் சொல்ல உரிமையில்ல, அவன்கிட்ட கேளுங்கன்னுதான் சொல்லுவேன். அதை எப்படி எடுத்துக்குவாங்கன்னு உனக்குத் தெரியும்."

அவனுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கல்யாண விசாரணையில் ஒருவன் ஒரு நிமிஷம் யோசித்தாலே போதும், அதற்கே கல்யாணம் நின்றுவிடும்.

"நீங்கதானே புரவலர்," என்றான் எதிரே பலகையைக் காட்டி. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு இரண்டு நாள், தபால் வேலையைத் தவிர, நான் எங்கும் போகவில்லை. போக இடமில்லை. இடதுபக்கம் வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் துவைகல்லில் யாரும் துவைக்கவில்லை. எதிரே பலகை. வீட்டில் போன். அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஒற்றப்பாலமோ என்று ஓடுவேன். எடுத்தால் யாராவது தங்கக் கடைக்காரன் ஓண வாழ்த்துச் சொல்வான், ஓணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்க.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். கையில் நீலக் குடை, சுண்டுவிரலில் சிவப்பு சாக்பீஸ் தூள்.

"நீங்கதான் மாஷா? எங்க கருணாகரன் அம்மாவன்கிட்ட கிணத்தைப் பத்தி நிறையச் சொன்னீங்களாமே. நான் நீரஜா."

எழுந்து நின்றுவிட்டேன். பயிற்சி செய்து வைத்திருந்த வாக்கியத்தை எடுத்தேன். "மோளே, எனக்குச் சொல்ல உரிமையில்ல. அவன்கிட்டயே..."

"கேட்டாச்சு. நேத்து சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டார். நாப்பது நாள், கேஸ், எல்லாம். அம்மாவன் அவரை வெளியே போடான்னுட்டார்."

"அப்புறம் எதுக்கு மோளே இந்த மழையில?"

அவள் கம்பிவலைக்குக் கிட்டே வந்தாள். "கோர்ட்ல இருந்து வந்த எதுவும் தன் கைக்கு வரலைன்னார். கல்யாணம் ஆனதை மறைச்சவர் அதையும் மறைக்கமாட்டாரான்னு அம்மாவன் கேக்கறார். நியாயமான கேள்வி. அவர், தபாலாபீஸ்ல கேளு, நான் சொன்னேன்னு சொல்லிக் கேளுன்னு இதை எழுதிக் குடுத்தார்." ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே தள்ளினாள். 'என் தபால்களைப் பற்றி நீரஜாவிடம் சொல்லலாம். பிரஜீஷ்.' இந்தத் தடவை அவனுடைய நிஜக் கையெழுத்து. "எனக்கு இந்த ஒண்ணுதான் தெரியணும், மாஷே. நாப்பது நாளை நான் சமாளிச்சுக்குவேன். முகத்தைப் பாத்துப் பொய் சொல்ற ஆளை என்னால முடியாது. அவர் சொன்னது நிஜமா?"

புத்தகம் என் மேசையில்தான் இருந்தது. அதில் மூன்று இடத்தில் 'பிரஜீஷ்' என்று கையெழுத்து இருக்கிறது, பக்கத்தில் மூன்று இடத்தில் என் சுருக்கொப்பம். அரசாங்கப் புத்தகத்தின்படி அவன் பொய்யன். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினால் போதும், நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறது. அந்த இரண்டு வருஷத்தையும் இந்தக் கம்பிவலைக்குள்ளேயே பத்திரமாக உட்கார்ந்து கழித்துவிடலாம்.

பதிலுக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜம்," என்றேன். "அவன் கைக்கு வரல. நான்தான் அவன் அம்மா கையில குடுத்தேன், அவன் பேரை அவங்களே போட்டாங்க. தெரிஞ்சுதான் விட்டேன். புத்தகத்துல இருக்கிறதுதான் பொய், மோளே. அவன் சொன்னது நிஜம்."

அவள் மூச்சு வெளியே வந்தது. கம்பிவலை அதில் கொஞ்சம் ஈரமானது.

"இதை எழுதித் தருவீங்களா? கோர்ட்ல காட்ட வேணுமாம்."

"எழுதித் தந்தா முதல்ல போறது என் வேலைதான்."

"தெரியும். அதான் கேக்கத் தயங்கினேன்."

"தயங்கின மாதிரி தெரியலையே."

முதல்முறையாகச் சிரித்தாள். நர்சரி டீச்சர்கள் சிரித்தால் ஏதோ வீட்டுப்பாடம் முடித்த மாதிரி இருக்கும்.

இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று அவளிடம். நிச்சயம் இப்போது வேண்டாம் என்று சொல்லப் போவதாகச் சொன்னாள். "கேஸ் முடியட்டும். அப்புறம் அவர் வந்து பொண்ணு கேக்கட்டும். நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே இப்பத் தெரியாது. ஆனா இனிமே யாரும் அவரைப் பத்தி இங்க விசாரிக்க வரமாட்டாங்க, மாஷே. நானே விசாரிச்சுட்டேன்."

இன்னொரு பிரதியை உறையில் போட்டு எங்கள் கோட்ட அதிகாரி பெயரை எழுதினேன். பதிவுத் தபாலாக. அனுப்புகிறவன் நான், வாங்கிப் பதிகிறவனும் நான். முத்திரை குத்தி, ரசீது கிழித்து, கம்பிவலைக்கு அந்தப்பக்கம் சுற்றிப் போய் நின்று, கையை உள்ளே விட்டு எனக்கு நானே எடுத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் மூளையைப் பற்றி ஊர் விசாரித்திருக்கும்.

அட்டையின் மூன்றாவது கேள்வி நாலு பேர் முன்னால் சொல்வாயா என்பது. நாலு பேர் வரவில்லை. ஒரு பெண் வந்தாள். எனக்கு அதுவே நாலு பேர் வந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நடக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஊருக்கு விஷயம் எட்டியது, யார் கலைத்தார்கள் என்பது சாயங்காலத்துக்குள் எட்டியது. சனிக்கிழமை நீரஜா தபாலாபீசுக்குள் வந்ததைக் குட்டாப்பி டீக்கடையிலிருந்து பார்த்திருக்கிறான். பிரஜீஷ் மன்றத்துப் பையன்களிடம் எனக்காகப் பேசினானாம். அதனால் வீடு புகுந்து அடிப்பதைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், ரத்து செய்யவில்லை. ஓமனாவுக்கு இப்போது எல்லாம் தெரியும், ஊர் சொல்லி. "முப்பத்தொரு வருஷம் கூடக் குடும்பம் நடத்தினதுக்கு எனக்குக் குட்டாப்பி மூலமாவாவது ஒரு ரகசியம் கிடைச்சுதே," என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோற்றைப் போட்டாள். மீன்குழம்பில் உப்பு கரித்தது. வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வேலியில் அதே தூக்குப் பாத்திரம் தொங்கியது. காலி. நான் திருப்பிக் கொடுக்காததை ஓமனா கழுவித் தொங்கவிட்டிருந்தாள், வத்சலேச்சி அதைத் தொடவில்லை. அந்தப்பக்கம் துவைகல்லில் மறுபடி துணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒற்றப்பாலத்திலிருந்து போன் வரவில்லை. வத்சலேச்சி அங்கே கூப்பிடாமலே விட்டுவிட்டாளா, இனிமேல்தான் கூப்பிடப் போகிறாளா என்று எனக்குத் தெரியாது. நான் நின்று அந்தத் துணிச் சத்தத்தைக் கேட்டேன், அவள் மகனின் அறைவாசலில் நின்று மூச்சைக் கேட்ட மாதிரி.

பத்து மணிக்குத் தபாலாபீஸ் திறந்தேன். அதிகாரி எப்போது வருவாரோ, அதுவரை இந்த முத்திரைக் கட்டை என்னுடையதுதான். உட்கார்ந்து எதிரே பார்த்தேன். பலகை அப்படியே இருந்தது, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. வலது மூலையில் என் படம் இருந்த இடத்தை மட்டும் யாரோ பிளேடால் சதுரமாக அறுத்து எடுத்திருந்தார்கள். பலகைக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் குனிந்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தார்.

நேரே என் கம்பிவலை தெரிந்திருக்க வேண்டும். உள்ளே நான். கையைத் தூக்கிக் காட்டினேன், அவருக்கு ஏதாவது தபால் வேலை இருக்குமோ என்று.